சஷ்டிகா அம்மாவுக்குக் கை தூக்குபவர்கள்

ஜூலை 8, திங்கள்

இன்று பள்ளிக்கூடக் கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியை திலகவதி டீச்சரின் உத்தரவு. மாலை பெல் அடிக்கும்வரை பெற்றோர் யாரும் உள்ளே வரக் கூடாது. ஏதோ ஓர் ஊரில் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து ஒரு குழந்தையை அழைத்துப் போகப் பார்த்தானாம். உத்தரவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் கேட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருப்பேன்.

ஆனால் நான் வேடிக்கை பார்க்கப் போகிறவள் இல்லை. சஷ்டிகாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திச் சுகர் பார்த்து, வயிற்றில் இன்சுலின் போட வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தைக்குச் சர்க்கரையா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போன கார்த்திகையில் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முன்பிருந்த தலைமை ஆசிரியர் தன் அறையில் ஒரு மூலையைக் கொடுத்திருந்தார். இவர் அதற்கு ஒப்பவில்லை. "ஸ்கூலுக்குள்ள ஊசி போட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தானம்மா பதில் சொல்லோணும்," என்றார். கடுகடுப்பில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். பயந்தவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியாது. நானே அந்தக் கட்சி.

கடைசியில், கேட்டை ஒட்டி உள்பக்கம் வேப்பமரத்தடியில் இருக்கும் சிமெண்டு பெஞ்சுவரை வரலாம், குழந்தையை அங்கே அனுப்பி வைக்கிறோம் என்று முடிவானது. மதியம் பள்ளிக்கூடமே கை கழுவப் போகிற வழி அது.

சட்டையைத் தூக்கியபோது சஷ்டி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாதத்தில் ஊசிக்கு அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. புது ஊசி கொஞ்சம் தடிமனோ என்னவோ. மருந்துக்கடையில் கேட்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் வேப்பமரத்தடி. நாலாம் வகுப்புப் பையன்கள் வட்டம் கட்டி நின்றார்கள். ரேஷன் கடைக்குப் போக மறந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கேட்டில் தனுஷ்கா அம்மா நின்றிருந்தார். மகள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்துவிட்டாளாம், தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார். காதோர முடியெல்லாம் பஞ்சு. இந்த வாய்க்கால்மேட்டில் பாதி அம்மாக்களின் தலை அப்படித்தான், வீட்டுக்கு வீடு விசைத்தறி.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தனுஷ்கா அம்மா, அவ்வளவுதான். அவருக்கு நான் சஷ்டிகா அம்மா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகப் போகிறது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒருவரும் மொபைல் கம்பெனிக்காரர்களும்தான் இருக்கிறார்கள். இந்தக் கேட்டில் நிற்கிற எல்லோருக்கும் பிள்ளைகளின் பெயர்தான் பெயர்.

பெஞ்சில் நடந்ததை அவர் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்ததும், "ஏம் புள்ள, இத்தன பேருக்கு நடுவுல வெச்சா போடறது? கடைவீதியில துணி மாத்தற மாதிரியல்லொ இருக்குது," என்றார்.

உத்தரவைச் சொன்னேன்.  அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் வருகிறது, அதற்குத் தலைவியாக இந்தப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மாதான் வர வேண்டும் என்றார்.

"நீயே நில்லு. காலேஜ் படிச்சவ. தலைவி வந்தா எவ கேட்டச் சாத்துவா?"

சிரித்துவிட்டு வந்தேன். நான் பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கவே கண்டக்டர் தானாகத் திரும்பும்வரை காத்திருக்கிறவள்.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று எழுதியிருக்க வேண்டியது. கல்வி வளர்ச்சி நாள் விழாவுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று மட்டும் கேட் அகலத் திறந்திருந்தது. சஷ்டி பாரத மாதாவாக என் பச்சைப் பட்டுப் புடவையில் நின்றாள். ஆகஸ்ட் பதினேழு சனிக்கிழமை மேலாண்மைக் குழுத் தேர்தல், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று திலகவதி டீச்சர் மைக்கில் சொன்னார். 

இரவு சாப்பாட்டின்போது, நானும் நிற்கலாம் என்று இருக்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில்லில் ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மேடையில பேசோணுமே, சுகி."

"மேடை இல்லைங்க. ஹாலில் பாய் விரிச்சுதான் உக்கார்றாங்களாம்."

"அப்ப பேசலாம். பாய்க்கு என்ன பயம்," என்றார்.

எனக்குத் தலைவி பதவி ஒன்றும் வேண்டாம். ஒரு கதவு வேண்டும், அதைச் சாத்திக்கொள்ள அனுமதி வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு வழி.

இன்று காலை பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வந்து, ஊறப் போட்ட அரிசியைத் தண்ணீரோடு கொட்டிவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

தறிக்காரர் வீதியில் ஓட்டுக் கேட்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பாதித் தறிகள் ஓடாது என்று நினைத்தது தப்பு. எல்லா வீட்டிலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நான் கத்திப் பேசியே வருஷங்களாகிறது, தொண்டை வேறு யாருடையதோ போல் இருந்தது.

முதல் வீட்டில் என்னைக் குழுக் கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். அடுத்த வீட்டில் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். கட்சி இல்லை, பள்ளிக்கூடத்துக்கு என்றதும் ஒரு மாமனார், "ஏன், ஊட்டுக்காரரு நிக்கலீங்களா?" என்றார். தலைவிக்கு அம்மாதான் நிக்கோணும், அவர் அப்பாங்க என்று சொன்னேன். உள்ளே மருமகள் சிரித்தது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஊசி விஷயத்தை மட்டும் எந்த வீட்டிலும் சொல்ல முடியவில்லை. என் வீட்டு வேலைக்காக ஊரைக் கை தூக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. அதனால் அவர்கள் வீட்டுக் குறைகளைக் கேட்டேன். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. சாப்பிடும் இடத்தில் நிழல் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே கோபம் வந்தது. இத்தனை நாள் தினமும் மதியம் போய் வந்திருக்கிறேன், என் பிள்ளையின் வயிற்றைத் தவிர அங்கே வேறெதையும் பார்த்ததில்லை.

ஜூலை 24, புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் சஷ்டி கட்டிலில் உட்கார்ந்து இன்சுலின் பேனாவைக் கையில் வைத்து டக் டக் என்று திருகிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கிவிட்டேன்.

"சும்மா எண்ணிப் பாத்தேம்மா. நீ எப்பவும் எண்ணுவீல்ல."

பேனாவை ஃபிரிட்ஜுக்கு மேல், டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். ஜூன் மாதம் போனபோது டாக்டர், இவளுக்கு வயசாச்சு, மெல்ல மெல்ல அவளே பழகட்டும் என்றார். அவருக்குச் சொல்ல எளிது. அவர் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள்.

ராத்திரி தலை வாரும்போது கேட்டாள், "நான் காலேஜ் போனாக்கூட நீ மத்தியானம் வருவியாம்மா?"

"எங்க இருந்தாலும் வருவேன் தங்கம்," என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சமாதானத்திலேயே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் தனுஷ்கா அம்மா வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வார்டு மெம்பர் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அந்த மெம்பர் இவர் பெயரையும் தலைவிக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நாங்கேக்கல. அவரா வெச்சுட்டாரு," என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "வேண்டாம்னும் சொல்லல. பொய் எதுக்கு. அஞ்சாவதோட நின்னவ நானு. அந்த ஹெட்மாஸ்டர் ரூம் போர்டுல எம்பேர எழுதுவாங்களாம். எனக்குந்தான் ஆசையிருக்காதா, சஷ்டிகா அம்மா?"

இருக்கும்தான் அக்கா என்றேன். நாக்கு அதைச் சொன்னது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னை நில் என்று சொன்னவரே அவர்தானே.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரையில் ஊரே இருந்தது. நான்கு வகைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம். தேங்காய்ச் சாதத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்று நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் விரிப்புக்குப் பத்தடி தள்ளித் தனுஷ்கா குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஏது, இரண்டும் ஒன்றாகத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நின்றன.

கிளம்பும்போது அவர்தான் முதலில் பேசினார். சஷ்டிக்கு இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டார். எப்போதும் போலத்தான் இருக்கிறாள் என்றேன்.

"இல்ல, போன வாரம் வெளையாட்டுப் பீரியட்ல கிறுகிறுன்னு வந்துச்சாமா. தனுஷ்கா சொன்னா. உன்ற புள்ளயே உக்காந்து, பையில இருந்து குளுக்கோஸ் எடுத்துத் தின்னுட்டு, அப்பறமேட்டுக்கு டீச்சருகிட்டச் சொன்னாளாம். கெட்டிக்காரி."

எனக்கு ஆறு, கரை, ஜனம் எதுவும் தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சஷ்டி அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டு, "சொன்னா நீ அழுவ," என்றாள்.

நான் அழவில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அவளுடைய வகுப்பு ஆசிரியை ரோஸ்லின் டீச்சருக்குப் போன் செய்தேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. எனக்கு ஏன் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்றால், "அதுக்குள்ள செரியாகி வெளையாடப் போயிட்டாளுங்க," என்கிறார். இப்படி அலட்சியமாக இருக்கிற இடத்தில் நான் எப்படி வெளியே நிற்பது? தலைவியாகாமல் தீராது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது. மதியம் பெஞ்சில் சஷ்டி, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றாள். நான் இருந்த பக்கம் வெயில். நிழலுக்கு நகர்ந்து அவளையும் கூட இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய். சஷ்டி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், சுகர் குறைந்தால் தின்பதற்காம். அதை அவள் வேறொரு குழந்தைக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தூரத்தில் நின்று கேட்டேன். வாத்தியார் மாதிரிப் பேசினாள்.

மத்தியானம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, சனிக்கிழமை பேச வேண்டியதைப் பேசிக் காட்டினேன். "வணக்கம். என் மகளுக்காக உங்கள் முன் நிற்கிறேன்" என்று ஆரம்பம். அவள் கை தட்டவில்லை.

"எனக்காகன்னு சொல்லாதம்மா."

"ஏன் தங்கம், அதுதானே நெசம்?"

"வேண்டாம். குழாயச் சொல்லு. நெழலச் சொல்லு."

அடக்கமான பிள்ளை. முதல் வரியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு மீதிப் பேச்சு யாருடையதோ போல் நிற்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்றே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுக்க முடியவில்லை.

ஹாலில் பாய் போட்டு அம்மாக்கள் நிறைந்திருந்தார்கள். பின் சுவரோரம் சில அப்பாக்கள். தலைவிக்கு இரண்டே பெயர். இருவரும் பேசினோம். நான் குழாயையும் நிழலையும் சொன்னேன், குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. தனுஷ்கா அம்மா எழுந்து, "எனக்குப் பேச வராதுங்க, வேல வரும்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். கை தட்டல்.

பிறகு திலகவதி டீச்சர், கை தூக்கித்தான் ஓட்டு என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்காக யாரும் தூக்கக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் வெளி வராண்டாவில் உட்கார வைத்தார். நியாயமாக நடத்த வேண்டும் என்று அவருக்கு அத்தனை அக்கறை.

வராண்டாவில் இரண்டு ஸ்டூல். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னலை ஒட்டி இருந்தேன். உள்ளே டீச்சர் பதிவேட்டில் இருக்கிறபடி வாசித்தார். "கலாமணி அவர்களை ஆதரிப்பவர்கள்."

உள்ளே சலசலப்பு. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் பெயர் கலாமணி. கம்பி வழியாகப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பெண், "அந்த ஊசி போடற புள்ள பேரு கலாவோ என்னமோ," என்றாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள்.

"சுகிர்தா அவர்களை ஆதரிப்பவர்கள்."

தறிக்காரர் வீதி மொத்தமும் கை தூக்கியது. முன் வரிசையில் இருந்தவளை எனக்கு நன்றாகத் தெரியும். தப்பா நெனைக்காதீங்க, எங்க ஓட்டு தனுஷ்கா அம்மாவுக்குத்தான் என்று போன வாரம் தறியை நிறுத்திவிட்டு வந்து என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவள். அவள் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

புரிந்துவிட்டது. உடனே புரிந்துவிட்டது.

டீச்சர் எண்ணி முடித்து என் பெயரைச் சொன்னார். தனுஷ்கா அம்மா கண்ணைத் திறந்தார். சேலை முந்தியால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்தார்.

"போ, உனக்குத்தான் உளுந்துருக்குது. இனி எவளும் உன்ற புள்ளய மரத்தடியில உக்கார வெக்க முடியாது."

அவர் கை சொரசொரவென்று இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உடனே சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. டீச்சர் வாசலுக்கு வந்து, உள்ளே வாம்மா என்று கூப்பிடும்வரை நான் யோசித்ததெல்லாம் ஒரே ஒரு கதவைப் பற்றி. அந்தக் கதவை உள்ளே இருந்து சாத்துகிறேன், சஷ்டி கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தது அது.

எழுந்து வாசற்படிவரை போனேன். அந்த முகங்கள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரையோ தேடின.

"நான் சஷ்டிகா அம்மா," என்றேன். "எம்பேருதான் சுகிர்தா. தனுஷ்கா அம்மா பேரு கலாமணி. நீங்க அவங்களுக்குன்னு நெனச்சு எனக்குத் தூக்கிட்டீங்க. திரும்பத் தூக்குங்க."

இந்த முறை குரல் கடைசிச் சுவர்வரை போனது.

ஹாலே சிரித்தது. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வருசக்கணக்கா ஒரே கேட்டுல நிக்கறீங்க, பேரு தெரியாதாம்மா உங்களுக்கெல்லாம்?" என்றவர், எங்களை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, பதிவேட்டை மூடி வைத்தார். தனுஷ்கா அம்மாவுக்குக் கை தூக்குபவர்கள் என்றார்.

எண்ணவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது, எப்போது தூக்கினேன் என்று தெரியாது.

சஷ்டிகா அம்மாவுக்குக் கை தூக்குபவர்கள் என்றபோது கொஞ்சம் பேர் தூக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் கலாமணி அக்கா தூக்கினார். "நீ எனக்குத் தூக்குனீல்ல, கடன் வெக்க மாட்டா கலாமணி," என்றார். பிறகு அதே மூச்சில், உறுப்பினர் வரிசையில் முதல் பேராக இந்தப் பிள்ளையை எழுதுங்க டீச்சர் என்றார். மற்ற அம்மாக்களும் ஆமாம் என்றார்கள்.

வீட்டில் அவர் டீ போட்டு வைத்திருந்தார். சஷ்டிதான் ஓடி வந்தாள்.

"தனுஷ்கா அம்மா ஜெயிச்சுட்டாங்களாம்மா? ஐ!" உடனே என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீ பேசினியா? எல்லாரு முன்னாலயும்?"

"பேசினேன்."

"என்ன சொன்ன?"

"எம்பேரச் சொன்னேன்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

வேப்பமரத்தடி. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. இரண்டு தரம் இன்சுலின் பேனாவைத் தவறவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

குழுவின் முதல் கூட்டம். குழாய், நிழல், சத்துணவை ருசி பார்ப்பது எல்லாம் பேசி முடிந்ததும் கலாமணி அக்கா சஷ்டி விஷயத்தை எடுத்தார். கூரை போட்ட ரூம் இத்தனை இருக்கையில் ஒரு புள்ள வெளியில நிக்கறது பள்ளிக்கூடத்துக்கே அழகில்லைங்க டீச்சர் என்றார். திலகவதி டீச்சர் பழைய பயத்தையே சொன்னார், ஆனால் இந்த முறை முடியாது என்று சொல்லவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தன் அறையையே தருவதாகவும், யாராவது ஒரு டீச்சர் கற்றுக்கொண்டால் தனக்கும் தைரியமாக இருக்கும் என்றும் சொன்னார். ரோஸ்லின் டீச்சர், "நாளைக்கு லீவுதானுங்க, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன்," என்றார்.

டீச்சர் எதற்கு, நானே வந்து போட்டுவிடுகிறேன், இப்போது நானும் உறுப்பினர்தானே என்றேன்.

ரோஸ்லின் டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சஷ்டிகாகிட்டயும் ஒரு வார்த்த கேக்கலாங்களா?" என்றார்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன். வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்தார்கள். அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் என் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டதும், டீச்சரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நானே போட்டுக்குவேம்மா. டீச்சர் பக்கத்துல இருந்தாப் போதும். நீ தனுஷ்கா அம்மாகூடச் சாப்பாடு பாக்கறதுக்கு வா. குழாய் பாக்கறதுக்கு வா. ஊசிக்கு மட்டும் வராத."

கை மட்டும் மடிப்பை விடவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஆஸ்பத்திரி. நர்ஸ் ஊசி போடச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சஷ்டி அதற்குள் ஊசியை மாட்டி, இரண்டு அளவு வெளியே பீய்ச்சி விட்டுப் பார்த்து, திருகி எண்ணி, வயிற்றில் இடம் பார்த்துக் கிள்ளிப் பிடித்திருந்தாள். போட்டபின் பத்துவரை எண்ணிய பிறகுதான் எடுத்தாள். கண் திறந்தே இருந்தது.

"யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?" என்று நர்ஸ் கேட்டார்.

"அம்மாதான்," என்றாள்.

நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன்? டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரோஸ்லின் டீச்சர் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை, குடித்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்று கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை. இன்றுதான் முதல் நாள்.

நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். பாத்திரம் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன். அப்போது கலாமணி அக்காவிடமிருந்து போன். சத்துணவு பரிமாறும் முன் குழுவிலிருந்து இரண்டு பேர் ருசி பார்க்க வேண்டும், முறைப்படி இன்று நம்ம முறை, வா என்றார். முறை எல்லாம் யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

கேட்டில் என்னை யாரும் நிறுத்தவில்லை. வேப்பமரத்தடியில் பெஞ்சு காலியாக இருந்தது. சமையல் கூடத்துக்குப் போகிற வழியில்தான் தலைமை ஆசிரியை அறை. ரோஸ்லின் டீச்சரும் சஷ்டியும் எதிரில் நடந்து வந்தார்கள். சஷ்டி மருந்துப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்து, பள்ளியில் மற்ற பெரியவர்களுக்குச் சொல்வதைப் போலவே, "வணக்கங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

கதவைச் சாத்தியது அவள்தான்.

சமையல் கூடத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கதவின் கீழ்ப் பாதி தெரிகிறது. இப்போது விரலில் குத்தியிருப்பாள். இப்போது பார்த்திருப்பாள். இப்போது திருகுவாள். கலாமணி அக்கா எனக்கு முன்னால் வந்து நின்று, சரியாக அந்தக் கதவை மறைத்துக்கொண்டு, தட்டை நீட்டினார்.

சமையல்காரம்மா சாம்பார் சாதத்தை ஒரு கரண்டி வைத்தார். சூடு. வாயில் போட்டேன், மென்றேன்.

"உப்புச் செரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. தட்டை மறுபடி நீட்டி, இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.